ஒரு புள்ளி: சென்னை சிட்டி வென்ற 2018–19 ஐ-லீகைக் கணக்கோடு படித்தல்

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. தன் சொந்த மைதானமான கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்றது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை 2–1 என்று வென்றது. இறுதிப் பட்டியலில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று தேசிய லீக் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீகையும், 2007இல் அதன் இடத்தில் வந்த ஐ-லீகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பழைய லீகில் இந்தியன் வங்கி அணி தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி ஆடியதுண்டு. பட்டத்தின் பக்கத்தில் போனதில்லை.

அந்தச் சீசனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடைசி நாளையே பேசுகிறார்கள். கடைசி நாள் பேசத் தகுந்த நாள்தான். ஆனால் லீக் என்பது நாக்-அவுட் கோப்பை அல்ல. இருபது ஆட்டங்களில் சேர்ந்த புள்ளிதான் பட்டம். எங்கே சேர்ந்தது, எங்கே சிந்தியது என்று பிரித்துப் பார்த்தால், 2018–19 பட்டம் மார்ச்சில் வெல்லப்பட்டதல்ல என்பது தெரியும். அதன் பெரும்பகுதி நவம்பர் 13ஆம் தேதி கொல்கத்தாவிலும் ஜனவரி 14ஆம் தேதி கோவையிலும் கைக்கு வந்துவிட்டது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஐ-லீகில் பதினோரு அணிகள்: சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், சர்ச்சில் பிரதர்ஸ், ரியல் காஷ்மீர், மினர்வா பஞ்சாப், நெரோகா, ஐசால், ஷில்லாங் லஜோங், கோகுலம் கேரளா, இந்தியன் ஆரோஸ். ஒவ்வோர் அணியும் மற்ற பத்து அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை மோத வேண்டும். ஓர் அணிக்கு 20 ஆட்டம். லீக் முழுவதற்கும் 110. வென்றால் 3 புள்ளி, டிரா செய்தால் 1.

அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா அணியும் ஒரே நாளில் ஆட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு. அதனால் சீசன் நடுவில் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு அணி 14 ஆட்டம், இன்னொன்று 13, வேறொன்று 12 என்று நிற்கும். புள்ளியை மட்டும் பார்த்து முதலிடம் யாருக்கு என்று முடிவு கட்டுவது அங்கே தப்பாகப் போகும். இப்படிப்பட்ட லீகில் புள்ளிக்குப் பதிலாக ஒவ்வோர் அணியும் தவறவிட்ட புள்ளியை எண்ணுவது நல்லது. ஆடிய ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, எடுத்த புள்ளியைக் கழித்தால் போதும். 14 ஆட்டத்தில் 30 எடுத்த அணி 12 இழந்திருக்கிறது. 12 ஆட்டத்தில் 27 எடுத்த அணி 9தான் இழந்திருக்கிறது. மேலே நிற்பது முதல் அணி. விதியைத் தன் கையில் வைத்திருப்பது இரண்டாவது அணி. இழந்த புள்ளி திரும்பி வராது. ஆட வேண்டிய ஆட்டம் இன்னும் கையில் இருக்கிறது.

சீசன் முடிவில் சென்னை சிட்டி இழந்தது 17, ஈஸ்ட் பெங்கால் இழந்தது 18. சென்னை சிட்டி 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. வெற்றி எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. ஒரு தோல்வி டிராவாக மாறியிருக்கும் இடத்தில்தான் கோப்பை நிற்கிறது.

இனி இந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதிய இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தா சால்ட் லேக்கில் சென்னை சிட்டி 2–1. கோவையில் மறுபடியும் சென்னை சிட்டி 2–1. ஆறு புள்ளியும் ஒரே பக்கம். இந்த இரண்டு ஆட்டங்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். மற்ற ஒன்பது அணிகளோடு ஆடிய 18 ஆட்டங்களில் ஈஸ்ட் பெங்கால் எடுத்தது 42, சென்னை சிட்டி எடுத்தது 37. அதாவது லீகின் மற்ற எல்லாரோடும் ஆடியதில் ஈஸ்ட் பெங்கால்தான் மேல், அதுவும் ஐந்து புள்ளி மேல். இரண்டு ஆட்டமும் டிராவாகியிருந்தால் ஈஸ்ட் பெங்கால் 44, சென்னை சிட்டி 39. ஆளுக்கொன்று வென்றிருந்தால் 45–40. இரண்டையும் வென்றால் மட்டுமே பட்டம் என்ற நிலை, இரண்டையும் வென்றார்கள்.

பட்டத்துக்குப் போட்டியிடும் எதிராளியோடு ஆடும் ஆட்டத்தை "ஆறு புள்ளி ஆட்டம்" என்று சொல்வதன் கணக்கு இதுதான். நமக்கு மூன்று வருகிறது, அவருக்கு வரவேண்டிய மூன்று போகிறது. ஆனால் நவம்பர் 13 அன்று அது பட்டப் போட்டியாக யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. முந்தைய 2017–18இல் சென்னை சிட்டி பத்து அணிகளில் எட்டாவது. 18 ஆட்டத்தில் 19 புள்ளி. கீழ்நிலை லீகுக்கு இறங்காமல் தப்பித்த அணி கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை வீழ்த்தியதை அன்று "அதிர்ச்சித் தோல்வி" என்ற கணக்கில்தான் எழுதினார்கள். அட்டவணை போடும்போது எந்த ஆட்டம் கோப்பையைத் தீர்மானிக்கும் என்று எழுதி வைப்பதில்லை. நவம்பரில் விட்ட புள்ளிக்கும் மார்ச்சில் விட்ட புள்ளிக்கும் எடை ஒன்றுதான். மார்ச்சில் விட்டது கண்ணில் படுகிறது, அவ்வளவே.

மூன்றாம் இடம் பிடித்த ரியல் காஷ்மீரையும் இதே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அறிமுகச் சீசன், 37 புள்ளி, பட்டியல் கணக்கில் 10 வெற்றி, 7 டிரா, 3 தோல்வி. தோல்வியில் சாம்பியனுக்குச் சமம்! வித்தியாசம் முழுவதும் டிராவில். காஷ்மீரின் ஏழு டிராவில் மூன்று வெற்றியாகியிருந்தால் 13–4–3, அதாவது அச்சு அசல் சென்னை சிட்டியின் கணக்கு, 43 புள்ளி. ஒரு டிரா வெற்றியாக மாறினால் இரண்டு புள்ளி கூடுகிறது. ஒரு தோல்வி டிராவானால் ஒரு புள்ளிதான். மூன்று புள்ளி முறையில் தோற்காமல் இருப்பதற்கு ஓர் எல்லை வரைதான் மதிப்பு. 1–1 என்று நிற்கும்போது 75ஆம் நிமிடத்தில் பின்வாங்கி அடைத்து ஆடும் அணி ஒரு புள்ளியைக் காக்கிறது, ஆனால் இரண்டை விட்டுக்கொடுக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சன் பயிற்றுவித்த காஷ்மீர் அணி கட்டுக்கோப்பான அணி. முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மினர்வாவை அவர்கள் மைதானத்தில் 1–0 என்று வென்றவர்கள். அவர்களிடம் குறைந்தது கோல் அடிப்பவர்.

சென்னை சிட்டியிடம் அது இருந்தது. 20 ஆட்டத்தில் 48 கோல். வாங்கியது 28. ஆட்டத்துக்கு 1.4 கோல் வாங்கிக்கொண்டு ஒரு லீகை வெல்வது சாதாரணமாக நடப்பதில்லை. "கோல் அடிப்பவன் ஆட்டத்தை வெல்வான், கோலைத் தடுப்பவன் கோப்பையை வெல்வான்" என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் பாடத்துக்கு நேர் எதிரான சாம்பியன் இது. ஏன் அவ்வளவு வாங்கினார்கள் என்பதும் ஏன் அவ்வளவு அடித்தார்கள் என்பதும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம்.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பந்தைக் கோல்கீப்பரிடமிருந்தே தரையில் கட்டி எழுப்பும் ஆட்டம் அவருடையது. அன்றைய ஐ-லீகில் அது பொதுவழக்கம் அல்ல. நீண்ட பந்தை முன்னால் தூக்கிப்போட்டு, உயரமான வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் தலையில் வாங்கி, இரண்டாவது பந்துக்கு மற்றவர்கள் ஓடுவது என்பதே பல அணிகளின் வழி. கட்டி எழுப்பும் ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டும்? காலால் பாஸ் கொடுக்கத் தயங்காத கோல்கீப்பர். அழுத்தம் வரும்போது பந்தை அவசரப்பட்டு வெளியே தட்டாத இரண்டு சென்டர்-பேக் (நடுத் தற்காப்பாளர்). அவர்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்த ஒரு மிட்ஃபீல்டர். விங் பக்கம் ஏறிப் போகும் ஃபுல்-பேக்குகள் (ஓரத் தற்காப்பாளர்கள்). இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பந்து நம் கோலுக்கு 25, 30 மீட்டரில் எதிரணியின் காலில் இருக்கும். ஃபுல்-பேக் இருவரும் மேலே இருப்பார்கள். சென்டர்-பேக் இருவருக்கும் எதிராக மூன்று பேர் ஓடி வருவார்கள். அப்படி வாங்கும் கோல்கள் இந்தப் பாணிக்கு எழுதி வைத்த செலவு. அந்தச் செலவைக் கண்டு பயந்து நடுவழியில் பாணியை மாற்றும் அணி இரண்டையும் இழக்கும்: பழைய தற்காப்பும் இருக்காது, புதிய தாக்குதலும் வந்திருக்காது. அக்பர் நவாஸ் மாற்றவில்லை. அந்தச் சீசனில் அவரைப் பற்றி நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்த முறையையும் கவனிக்க வேண்டும். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ரொபெர்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நௌசெட் சந்தானா. மான்சி உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடியவர், மற்ற நால்வரும் ஸ்பெயின்காரர்கள். ஐவரும் ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் வளர்ந்தவர்கள். பெயர் பெற்ற யாரும் இல்லை. வழக்கமாக ஐ-லீக் கிளப்புகள் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சென்டர்-பேக், ஆசிய வீரர் ஒருவர் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து எடுப்பார்கள். தனித்தனியாக ஒவ்வொருவரும் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் இருபது ஆட்டம் மட்டும் உள்ள லீகில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவே ஆறேழு ஆட்டம் போய்விடும். சீசனில் மூன்றில் ஒரு பங்கு அது. ஒரே மொழி, ஒரே கால்பந்துப் பள்ளி, ஒரே மாதிரியான பாஸ் கோணங்கள் என்று பழகிய ஐவரை முதுகெலும்பு மாதிரி வரிசையாக வைத்தால் அந்தக் காலம் மிச்சமாகும். அக்டோபர் 26 தொடக்க ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4–1 என்று வென்றார்கள், மான்சி ஹாட்ரிக். முதல் நாளே அணி தயாராக இருந்தது.

மான்சி மொத்தம் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் டிரினிடாட் வீரர் வில்லிஸ் பிளாசாவும் 21. ஆனால் மான்சியின் 21 அணியின் மொத்தக் கோலில் பாதியைத் தொடவில்லை. 48இல் மீதி 27 மற்றவர்களிடமிருந்து வந்தது. நெஸ்டரும் சாண்ட்ரோவும் நடுவிலிருந்து பெட்டிக்குள் ஓடிவந்து அடித்தார்கள். ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை நம்பும் அணிக்கு அவர் அட்டை வாங்கியோ காயப்பட்டோ வெளியே உட்காரும் இரண்டு ஆட்டத்திலேயே சீசன் கவிழும்.

கோப்பையை ஸ்பெயின்காரர்கள் மட்டும் வென்று கொடுத்தார்கள் என்று சொல்வது அநியாயம். நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார், ரொமாரியோ ஜேசுராஜ், சார்லஸ் ஆனந்தராஜ், பிரவிட்டோ ராஜு, விஜய் நாகப்பன் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் நிறைய இருந்த அணி அது. கூடவே மலப்புறத்துக்காரர் மஷூர் ஷெரிப், மிட்ஃபீல்டிலும் பின்வரிசையிலும் ஆடிய கௌரவ் போரா. நான் மேலே சொன்ன பாணியில் ஃபுல்-பேக்கின் வேலைதான் உடம்பை மிகவும் உருக்குவது. பந்து நம்மிடம் இருக்கும்போது விங்கர். போனால் அறுபது மீட்டர் திரும்பி ஓடி டிஃபெண்டர். ஒரு ஆட்டத்தில் நாற்பது முறை ஓடினாலும் ஐந்து முறைதான் பந்து வரும். அந்த நாற்பது ஓட்டத்தை இந்திய வீரர்கள் ஓடியதால்தான் நடுவில் ஸ்பெயின்காரர்களுக்கு இடம் கிடைத்தது. எட்வின் போன்றவர்கள் இரண்டு மூன்று இடங்களில் ஆடக்கூடியவர்கள் என்பது சிறிய அணிக்குப் பெரிய சொத்து: மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் ஒருவர் இருந்தால் இரண்டு இடத்துக்கு ஆள் இருப்பதாகக் கணக்கு.

பயணத்தைச் சொல்லாமல் இந்த லீகைப் புரிந்துகொள்ள முடியாது. கோவையிலிருந்து பக்கத்தில் இருக்கும் எதிரணி மைதானம் கோழிக்கோடு. அதைத் தவிர எல்லாமே தூரம்: ஸ்ரீநகர், பஞ்ச்குலா, கொல்கத்தா இரண்டு முறை, கோவா, ஒடிசா, இம்பால், ஐசால், ஷில்லாங். ஷில்லாங்குக்குப் பொதுவாகக் குவாஹாட்டியில் விமானம் இறங்கி மலைப்பாதையில் பேருந்து. ஐசாலிலும் விமான நிலையம் நகரத்திலிருந்து தள்ளி, வளைவுப் பாதை. ஸ்ரீநகர் டி.ஆர்.சி. மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,580 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் உறையும் குளிர். கோவையின் வெயிலில் பயிற்சி செய்த உடம்பு இரண்டு நாளில் அதற்குப் பழகாது.

மைதானத்தின் தரையும் மாறும். ஸ்ரீநகரிலும் ஐசாலிலும் செயற்கைப் புல். அதில் பந்து வேகமாக ஓடும், உயரமாகத் துள்ளும். ஈரமாக இருந்தால் தரையோடு வழுக்கிக்கொண்டு போகும். இயற்கைப் புல்லுக்கான நீளமான ஆணி வைத்த பூட்ஸ் அங்கே ஆபத்து. ஆணி தரையில் மாட்டிக்கொண்டு உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ஆணி உள்ள பூட்ஸ் வேண்டும். பழகாதவர்கள் முதல் இருபது நிமிடம் பாஸின் எடையைத் தவறவிடுவார்கள்: காலுக்குப் போக வேண்டிய பந்து இரண்டு அடி முன்னால் போய் வெளியே உருளும். செயற்கைப் புல்லில் ஆடிவிட்டு மூன்று நான்கு நாளில் மறுபடி புல்தரையில் ஆடினால் குதிகாலிலும் இடுப்புத் தசையிலும் வலி தங்கும். தரையில் பாஸ் ஆடும் அணிக்குச் செயற்கைப் புல் ஒரு வகையில் உதவியும் செய்யும், மேடுபள்ளம் இல்லை என்பதால். கவலை உடம்புக்குத்தான்.

இயற்கையும் அரசியலும் அட்டவணையைக் கலைத்த வருடம் அது. பிப்ரவரியில் ஸ்ரீநகரில் பனி. காஷ்மீர்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் தள்ளிப்போனது. பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல். அதன்பின் 18ஆம் தேதி நடக்கவேண்டிய காஷ்மீர்–மினர்வா ஆட்டத்துக்கு மினர்வா போகவில்லை. அன்று ஆட்டம் நடக்கவில்லை, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. காஷ்மீர்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைக் கடைசியில் டெல்லிக்கு மாற்றி பிப்ரவரி 28 அன்று நடத்தினார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றது. ரியல் காஷ்மீருக்கு இது நஷ்டம். குளிரும் உயரமும் தன் ஊர்ச் சனமும் உள்ள மைதானத்தை ஒரு பட்டப் போட்டியாளரோடு ஆடும் ஆட்டத்தில் இழந்தார்கள். லீகில் எல்லாருக்கும் பத்து சொந்த ஆட்டம் என்பதே சமநீதி. அது ஒருவருக்குக் குறையும்போது, குறை யாருடையதாக இருந்தாலும், பட்டியல் சற்றுச் சாய்ந்துவிடுகிறது.

ஈஸ்ட் பெங்காலின் சீசனையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயின்காரர் அலெஹாந்த்ரோ மெனெண்டஸ் பயிற்சியாளர். 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிக்காவுக்கு ஆடிய ஜானி அகோஸ்டா பின்வரிசையில். மெக்சிகோவின் என்ரிகே எஸ்கேதா முன்னால். கேரளத்து ஜோபி ஜஸ்டின் ஒன்பது கோலுடன் இந்தியர்களில் முதலிடம். ஒரே ஊர் எதிராளியான மோகன் பகானோடு இரண்டு டெர்பியையும் வென்றார்கள், 3–2, 2–0. அவர்கள் தடுக்கி விழுந்த இடம் பிப்ரவரி 25, ஐசாலோடு 1–1. அந்த ஆட்டத்தில் எதிரணி வீரரோடு ஏற்பட்ட எச்சில் துப்பல் சம்பவத்துக்காக ஜோபிக்கு ஆறு ஆட்டத் தடை விழுந்தது. விட்ட புள்ளி இரண்டு. அதோடு கடைசி ஆட்டங்களுக்கு முக்கிய ஸ்ட்ரைக்கரும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை சீசனைத் தீர்மானிப்பது இப்படித்தான். இப்படிப்பட்ட தண்டனை அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை; மாற்று ஆள் குறைவான மாதத்தில் வந்து நிற்கும்.

மார்ச் 1 அன்று சென்னை சிட்டிக்கும் தடுமாற்றம். கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ் 3–2. ஐந்து கோல் விழுந்த அந்த ஆட்டம் அணியின் குணத்தை அப்படியே காட்டுகிறது: வெளியூரில் இரண்டு அடித்தும் போதவில்லை. ஈஸ்ட் பெங்கால் மார்ச் 3 அன்று மினர்வாவை 1–0 என்று வென்றபோது கணக்கு 40–39 ஆனது. ஒரு ஆட்டம் மிச்சம்.

கடைசி நாளின் சாத்தியங்களைப் பலர் குழப்பமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். புள்ளி சமமானால் ஐ-லீக் முதலில் பார்ப்பது நேருக்கு நேர் முடிவு. மொத்தக் கோல் வித்தியாசம் அதற்குப் பிறகே. நேருக்கு நேரில் சென்னை சிட்டி இரண்டையும் வென்றிருந்தது. எனவே 40–40 என்று முடிந்தாலும் கோப்பை கோவைக்குத்தான். ஈஸ்ட் பெங்கால் பட்டம் வெல்ல ஒரே வழி: அவர்கள் வெல்ல வேண்டும், சென்னை சிட்டி வெல்லக்கூடாது. சென்னை சிட்டி வென்றால் கோழிக்கோட்டில் என்ன நடந்தாலும் கவலையில்லை.

மூன்றாம் நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். அரங்கம் உறைந்தது என்று எழுதுவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: கோழிக்கோட்டில் 0–0. அந்த நிமிடத்துப் பட்டியலில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 40. நேருக்கு நேரில் சென்னை சிட்டி சாம்பியன். இடைவேளை வரை 0–1 என்று பின்தங்கியிருந்தபோதும் அவர்கள்தான் முதலிடம். 56ஆம் நிமிடம் மான்சி பெனால்டியில் சமன் செய்தார்: 41–40. 69ஆம் நிமிடம் கௌரவ் போரா 2–1: சென்னை சிட்டி 43. கிட்டத்தட்ட அதே நேரம் கோகுலத்தின் மார்க்கஸ் ஜோசப் கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 39. அதன்பிறகு கோழிக்கோட்டில் ஹைமே சாண்டோஸ் கொலாடோ பெனால்டியில் சமன் செய்தார். 85ஆம் நிமிடத்தில் லால்தன்மாவியா ரால்தே 2–1 ஆக்கினார். அந்த மாலை முழுவதிலும் ஒரு நிமிடம்கூட ஈஸ்ட் பெங்கால் முதலிடத்தில் இருக்கவில்லை.

உண்மையான ஆபத்து இருந்தது அந்த 85ஆம் நிமிடத்துக்கும் கூடுதல் நேரத்தின் மூன்றாம் நிமிடத்துக்கும் நடுவில். கோழிக்கோட்டில் 2–1, கோவையில் 2–1. மினர்வா ஒரு கார்னரில், பந்து யார் மீதாவது பட்டுத் திசை மாறுவதில் சமன் செய்தால் 41–42, எல்லாம் போச்சு. மூன்றாம் நிமிடத்துக் கோலை விட இந்த எட்டு நிமிடம்தான் நெஞ்சைப் பிடிக்க வேண்டிய நேரம். அங்கே கௌரவ் போரா மறுபடி அடித்தார்: 3–1. பின்வரிசையிலும் ஆடும் ஒரு மிட்ஃபீல்டர், பட்டத்தைத் தீர்மானிக்கும் நாளில் இரண்டு கோல். மான்சியை இரண்டு பேர் காவல் காக்கும் ஆட்டத்தில் யாரும் கணக்கில் எடுக்காதவருக்கு இடம் கிடைக்கும்.

பட்டியலின் அடியிலும் படிக்க வேண்டியது உண்டு. ஷில்லாங் லஜோங் அந்த வருடம் வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல் இளைஞர்களை வைத்தே ஆடியது. 11 புள்ளியோடு கடைசி இடம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இளையோர் அணியான இந்தியன் ஆரோஸுக்கு இறக்கம் கிடையாது என்பதால் கீழே போகும் சுமை முழுவதும் மற்ற பத்து கிளப்புகள்மேல் விழுந்தது. லஜோங் எடுத்த முடிவு இந்தியக் கால்பந்துக்கு நல்லது, லஜோங்குக்கு அல்ல. அந்த முடிவுக்கு விலை கொடுத்த கிளப்பை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

சீசன் நடுவில் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் குறைத்துவிட்டார்கள். பார்க்க முடியாமல் போனது ரசிகருக்கு வருத்தம் என்பதோடு நின்றுவிடவில்லை. முழு ஆட்டத்தின் நல்ல ஒளிப்பதிவு இல்லையென்றால் எதிரணியின் கார்னர் அமைப்பை, ஃபுல்-பேக் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதைப் பயிற்சியாளர் எதை வைத்துப் படிப்பார்? ஸ்பான்சரிடம் எதைக் காட்டிப் பணம் கேட்பார்கள்? ஐ-லீகோடு கூடவே நடந்த இன்னொரு தேசிய லீகான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் எல்லா ஆட்டமும் திரையில் வந்துகொண்டிருந்தது. அந்த மார்ச்சில் பல ஐ-லீக் கிளப்புகள், இரண்டு லீக் அணிகளும் ஆடும் சூப்பர் கோப்பையைப் புறக்கணித்ததற்குப் பின்னால் இந்தக் கோபம் இருந்தது. சென்னை சிட்டி புவனேஸ்வரத்துக்குப் போய் ஆடியது. புனே சிட்டியை 4–2 என்றும், ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2–1 என்றும் வென்று, அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0–3 என்று தோற்றது. இரண்டு லீகின் சாம்பியன்களும் நேரில் மோதியதில் ஐ-லீக் சாம்பியன் வென்றது என்பதை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து நடந்தது சென்னை சிட்டிக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2016–17இல் ஐசால் 18 ஆட்டத்தில் 37 புள்ளி எடுத்துச் சாம்பியன்; பயிற்சியாளர் காலித் ஜமீல் உட்பட முக்கியமானவர்கள் போனார்கள், அடுத்த வருடம் ஐந்தாம் இடம். 2017–18இல் மினர்வா 35 புள்ளியோடு சாம்பியன். பூட்டான் ஸ்ட்ரைக்கர் செஞ்சோ கியெல்ட்ஷென் பெங்களூருக்குப் போனார், அடுத்த சீசன் பட்டியலின் கீழ்ப்பாதி. ஆட்டத்துக்கு 2.15 புள்ளி என்ற சென்னை சிட்டியின் சராசரி அந்த இருவரையும் விட உயர்ந்தது. ஆனால் கிளப்பின் பொருளாதாரம் அதே வகை. சிறிய கிளப் திறமையை மலிவாகக் கண்டுபிடிக்கிறது, கோப்பை அந்தத் திறமையின் விலையை எல்லாருக்கும் அறிவிக்கிறது, அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர் வேறொருவர்.

2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது நம்பிக்கை தந்தது. ஆனால் நெஸ்டர் ஹைதராபாத்துக்கும் எட்வின் 'சென்னையின் எஃப்.சி.' என்ற ஐ.எஸ்.எல். அணிக்கும் போனார்கள். 2020 ஜனவரி 14 அன்று அகமதாபாத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் சென்னை சிட்டி 0–1 என்று தோற்றது. அதே மாதம் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவில் சேர்ந்தார். மஷூர் ஷெரிப் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்குப் போய், 2021 மார்ச்சில் இந்திய அணிக்காக ஆடினார்.